மான் பல் சொல்லும் சேதி



கஹவத்தை, பெல்மதுளை, இரத்தினபுரிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மாணிக்கக் கல் பேச்சு இல்லாத நாள் இராது. வாப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டு நானாவோ, யாராவது ஒருவர் கல் வியாபாரத்தில் இருப்பார். வயலில் குழி வெட்டி, தண்ணீரை இறைத்து, அடியில் கிடக்கும் கல்மண் படையை எட்டியதும் "இல்லம் வந்துவிட்டது" என்று ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். அந்த இல்லத்தைக் கூடையில் அள்ளிக் கழுவும்போது நீலமும் புஷ்பராகமும் வருவதுண்டு. சில வேளை கூழாங்கற்களோடு கறுத்துப்போன ஒரு பல்லோ எலும்புத் துண்டோ வருவதும் உண்டு. கல்லைப் பத்திரமாக மடியில் முடிந்து கொள்வார்கள். பல்லைத் தூர வீசிவிடுவார்கள்.

வீசப்படும் அந்தப் பல்லைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன். "மாட்டுப் பல்லுக்கும் மான் பல்லுக்கும் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்க வேண்டாம். பல் ஒரு கடிதம். அதை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பிராணி எந்தக் காட்டில் மேய்ந்தது, எந்தத் தண்ணீரைக் குடித்தது, மனிதன் அதைக் கட்டி வளர்த்தானா அல்லது காட்டில் வேட்டையாடினானா என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. அந்தக் கடிதத்தில் எங்கள் அடுக்களைக்கும் ஒரு சேதி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு பல்லில் ஒரு சிங்கம்

எங்கள் நாட்டுக் கொடியில் சிங்கம் இருக்கிறது. காட்டில் சிங்கம் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? குருவிட்டப் பக்கத்தில் கிடைத்த இரண்டே இரண்டு பற்களைக் கொண்டுதான். பீ. ஈ. பீ. தெரணியகல என்ற அறிஞர் 1939இல் அவற்றை ஆராய்ந்து, இலங்கைக்கே உரிய, அழிந்துபோன ஒரு சிங்க இனத்தின் பற்கள் அவை என்று எழுதி வைத்தார். இதே இரத்தினபுரிக் கல்மண் படையிலிருந்து நீர்யானையின் எலும்பும் காண்டாமிருகத்தின் பல்லும் கிடைத்திருக்கின்றன. இன்று இந்த இரண்டில் ஒன்றைக்கூட எங்கள் காடுகளில் காண முடியாது. அந்தப் பற்களை யாராவது வீசியிருந்தால் அப்படியான பிராணிகள் இங்கே இருந்த சேதியும் குப்பையோடு போயிருக்கும்.

அந்தக் காலத்தில் பல்லின் உருவத்தைப் பார்த்து "இது சிங்கம், இது மான்" என்று சொல்லவே முடிந்தது. இன்று பல்லின் உள்ளே இருப்பதையும் வாசிக்கிறார்கள். அந்த வித்தையின் பெயர் சமதானி ஆய்வு. ஐசோடோப் என்று ஆங்கிலத்தில் சொல்வதைத்தான் எங்கள் பிள்ளைகள் பாடசாலையில் சமதானி என்று படிக்கிறார்கள்.

ஒரே கொத்தில் இரண்டு எடை

சமதானி என்றால் என்ன? ஒரே மூலகத்தின் அணுக்களில் சில கொஞ்சம் பாரமாகவும் சில கொஞ்சம் இலேசாகவும் இருக்கும். குணம் ஒன்றுதான், எடையில் மட்டும் வித்தியாசம். ஒரே கடையில் ஒரே கொத்தில் வாங்கிய அரிசியில் சில மணி சற்றுப் பருத்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். காபனை எடுத்தால் நூற்றில் ஏறக்குறைய 99 அணு இலேசான காபன் 12; மீதி ஒன்றுதான் பாரமான காபன் 13.

மரஞ்செடிகள் காற்றிலிருந்து காபனை எடுத்து இலையும் காயும் ஆக்குகின்றன. அப்படி எடுக்கும்போது எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி எடுப்பதில்லை. நெல், பலா, ஈரப்பலா, தேயிலை, காட்டு மரங்கள் எல்லாம் பாரமான காபனை அதிகம் ஒதுக்கிவிடுகின்றன. சோளம், குரக்கன், கரும்பு, மலைச்சரிவில் வளரும் மானாப் புல் ஆகியவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. வெயில் நுழையாத அடர்ந்த காட்டின் அடியில் வளரும் இலையில் பாரமான காபன் மிகக் குறைவு. காட்டின் ஓரத்தில் வெயில்படும் இடத்து இலையில் சற்றுக் கூடுதல். திறந்த வெளிப் புல்லில் அதைவிடக் கூடுதல். இந்த வித்தியாசமெல்லாம் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனாலும் இன்றைய கருவிகள் அதைப் பிழையில்லாமல் அளந்து விடுகின்றன.

இலையைத் தின்ற மானின் உடம்பில் அந்த இலையின் கணக்கே ஏறுகிறது. மானைத் தின்ற மனிதனின் உடம்பிலும் அதன் சாயல் படிகிறது. நாம் தின்பதுதான் நாம் ஆகிறோம் என்பது வெறும் பேச்சல்ல.

ஒட்சிசனுக்கும் இதே போல எடை வித்தியாசம் உண்டு. குடித்த தண்ணீரையும், அந்த இடத்து ஈரத்தையும் வெயிலையும் அது காட்டும். ஸ்ட்ரொன்சியம் என்ற இன்னொரு மூலகம் பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து செடிக்கும் தண்ணீருக்கும், அங்கிருந்து பல்லுக்கும் வந்து கல்சியத்தின் இடத்தில் உட்கார்ந்து கொள்கிறது. பாறைக்குப் பாறை அதன் கணக்கு மாறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் மண்ணில் வளர்ந்த ஆட்டின் பல்லும், சப்ரகமுவையின் மிகப் பழைய பாறை மண்ணில் வளர்ந்த ஆட்டின் பல்லும் ஒரே கணக்கைக் காட்டா. ஆகவே ஒரு பிராணி பிறந்த ஊரிலேயே செத்ததா, வெளியூரிலிருந்து கொண்டு வரப்பட்டதா என்பதைப் பல்லே சாட்சி சொல்லும்.

ஏன் பல்?

எலும்பு இருக்கப் பல்லை ஏன் தேடுகிறார்கள் என்று கேட்பீர்கள். எலும்பு உயிரோடிருக்கும் காலமெல்லாம் தேய்ந்தும் புதுப்பித்தும் கொண்டிருக்கும். பல்லின் மேலிருக்கும் வெண்மையான மிளிரி அப்படியல்ல. ஒருமுறை உருவானால் உருவானதுதான். மானுக்குக் கடைவாய்ப் பற்கள் பிறந்து முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் உருவாகிவிடும். மனிதக் குழந்தைக்கு நிலையான முதற் கடைவாய்ப் பல் பிறக்கும் தறுவாயில் உருவாகத் தொடங்கி ஏறக்குறைய மூன்று வயதில் அதன் முடி முற்றுப்பெறும். பல் முரசைக் கிழித்து வெளியே வருவதோ ஆறு வயதளவில்தான். அந்த மூன்று வருடத்தில் உண்டதும் குடித்ததும் அதில் எழுதப்பட்டு, மவுத்துக்குப் பிறகும் அழியாமல் இருக்கும்.

எங்கள் நாடு போன்ற சூடும் மழையும் உள்ள மண்ணில் எலும்பின் உள்ளிருக்கும் புரதம் சீக்கிரம் கெட்டுப்போகும். மிளிரி மட்டும் தாங்கும். ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பல்லைச் சுத்தப்படுத்தி, வைர முனையுள்ள சிறிய துளைகருவியால் உரசி, சில மில்லிகிராம் தூள் மட்டும் எடுக்கிறார்கள். கண்ணுக்கு இடும் சுர்மாவில் ஒரு சிட்டிகை அளவுகூட இராது. அந்தத் தூளைக் கருவியில் இட்டு, பாரமான அணு எத்தனை, இலேசான அணு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள்.

தாய்மாருக்கு ஒரு செய்தி: பல்லின் உட்பகுதி கெடாமல் கிடைத்தால், அதிலுள்ள நைதரசன் சமதானியைக் கொண்டு அந்தக் குழந்தை எத்தனை வயதுவரை தாய்ப்பால் குடித்தது என்பதையும் கணிக்கிறார்கள். பால் மறக்கடித்த காலம்கூடப் பல்லில் பதிந்திருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்!

காட்டு மானா, வளர்ப்பு மானா?

ஆடு, மாடு, கோழி ஆகியவற்றை மனிதன் பழக்கி வீட்டில் வைத்துக் கொண்டான். மானை அப்படி முழுதாகப் பழக்கியது மிகக் குறைவு. பனி நாடுகளில் கலைமானை மேய்ப்பது ஒன்றுதான் பெரிய விதிவிலக்கு. ஆனாலும் பழைய காலத்து அரசர்களும் செல்வந்தர்களும் மானை வேலி கட்டி வளர்த்ததுண்டு. அப்படி வளர்த்தார்களா, வெறுமனே வேட்டையாடினார்களா என்று எலும்பின் உருவத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். சமதானி அங்கேதான் உதவுகிறது.

வேலிக்குள் வளர்ந்த மான்கள் ஒரே தீனியைத் தின்றிருக்கும். ஆகவே அவற்றின் பற்களின் கணக்கு ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கும். காட்டில் திரிந்தவை பல இடங்களில் பலதையும் தின்பதால் கணக்கு சிதறியிருக்கும். மனிதன் தன் தானியத்தைக் கொடுத்து வளர்த்திருந்தால் அந்தத் தானியத்தின் சாயல் தெரியும். மத்திய அமெரிக்காவில் மாயா மக்களின் பழைய ஊர்களில் வீட்டு நாய்களின் எலும்பில் சோளத்தின் அடையாளம் நன்றாகத் தெரிகிறது. மான்களில் பெரும்பாலானவற்றில் காட்டுத் தழையின் அடையாளமே தெரிகிறது. நாய் வீட்டில் தின்றது, மான் காட்டில் தின்றது என்பது அதனால் விளங்குகிறது.

இங்கிலாந்தில் இன்னும் தெளிவான ஓர் உதாரணம் உண்டு. அந்நாட்டின் தென்கரையில் ஃபிஷ்போர்ன் என்ற இடத்தில் ரோமர் காலத்து மாளிகை ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. அங்கே கிடைத்த மான் தாடைகள் அந்த நாட்டு மானுடையவை அல்ல. துருக்கிப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு புள்ளிமான் வகையுடையவை. நயோமி சைக்ஸ் என்ற பெண் அறிஞரும் அவருடைய குழுவினரும் அவற்றின் பற்களிலுள்ள ஸ்ட்ரொன்சியத்தை அளந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மான் வேறிடத்தில் பிறந்து கொண்டு வரப்பட்டது; மற்றது அந்த மாளிகைப் பக்கத்து மண்ணிலேயே வளர்ந்தது. அதாவது கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே அங்கே ஒரு மான் மந்தையைக் கொண்டு வந்து, குட்டி ஈன வைத்துப் பராமரித்திருக்கிறார்கள். எழுதி வைத்த ஒரு தாளும் இல்லை. பல்லே தாள்!

பாவாத மலை அடிவாரத்தில்

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். பாவாத மலையின் அடிவாரத்தில், குருவிட்டவுக்கு அருகே மழைக்காட்டுக்குள் பட்டதொம்ப லென என்ற குகை இருக்கிறது. களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களப் பக்கம் பாஹியங்கல எனப்படும் பெரிய குகை இருக்கிறது. பலாங்கொடையைக் கடந்தால், ஜெய்லானி என்று எங்கள் மூத்தம்மாமார் கந்தூரிக்குப் போய்வந்த கூரகல மலை. உடவளவைப் பக்கம் பெல்லன்பெந்திபெலஸ்ஸ. இந்த நான்கு இடங்களிலும் மிகப் பழைய காலத்து மக்கள் வாழ்ந்த அடையாளங்களைத் தொல்பொருள் அறிஞர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கும் "பலாங்கொடை மனிதன்" இவர்கள்தான்.

நெடுங்காலமாக உலகத்து அறிஞர்கள் பலர் ஒரு விஷயத்தை நம்பி வந்தார்கள். அடர்ந்த மழைக்காட்டில் பழங்கால மனிதன் நிலையாக வாழ முடியாது. உணவு கிடைப்பது அரிது, வேட்டை கடினம். விவசாயம் வந்த பிறகே மனிதன் அங்கே குடியேறியிருப்பான் என்பது அந்த நம்பிக்கை. அதைச் சோதிக்க, பட்ரிக் ரொபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் இலங்கை அறிஞர்களோடு சேர்ந்து இந்த நான்கு இடங்களிலும் கிடைத்த மனிதப் பற்களையும் பிராணிகளின் பற்களையும் எடுத்தார். மனிதர் 26 பேருடைய பற்கள் சோதிக்கப்பட்டன. 2015இல் முடிவு வெளியானது.

மனிதப் பல்லை மட்டும் பார்த்தால் போதாதா, பிராணியின் பல் எதற்கு? இங்கேதான் மானும் குரங்கும் உதவிக்கு வருகின்றன. கடைக்காரர் தராசில் படிக்கல் வைப்பதுபோல, பிராணியின் பல்தான் இந்த ஆய்வின் படிக்கல். மர உச்சியில் வாழும் குரங்கின் பல் அடர்ந்த காட்டின் கணக்கைக் காட்டும். திறந்த வெளியில் புல் மேயும் பிராணியின் பல் வெளியின் கணக்கைக் காட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மனிதனின் கணக்கு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அது மழைக்காட்டின் பக்கமே விழுந்தது. குறைந்தது 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்த மக்கள் மழைக்காட்டையும் அதன் ஓரங்களையும் நம்பி வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. 26 பேரில் இருவருடைய பற்களில் மட்டுமே திறந்த புல்வெளி உணவின் அடையாளம் இருந்தது. அவர்கள் ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன், விவசாயம் தலையெடுத்த காலத்தவர்கள்.

எதைக் கொன்றார்கள், எதை விட்டார்கள்

2019இல் இதைவிட ஆச்சரியமான செய்தி வந்தது. ஓஷான் வெடகே என்ற இலங்கை ஆய்வாளர் பாஹியங்கல குகையில் கிடைத்த ஆயிரக் கணக்கான எலும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பொறுமை வேண்டிய வேலை. அரிசியில் கல் பொறுக்கும் நமக்கு அந்தப் பொறுமையின் அருமை தெரியும். மனிதர்கள் அக்குகைக்கு ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டார்கள். அவர்கள் தின்ற பிராணிகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் மரத்தில் வாழும் குரங்கும் பெரிய மலை அணிலும். மான், பன்றி போன்ற பெரிய பிராணிகள் மிகச் சிலவே. குரங்கு எலும்பைச் சீவி அம்பு முனை செய்திருக்கிறார்கள். அவற்றில் பழையவை 48,000 ஆண்டுகள் வரை போகின்றன என்று 2020இல் இன்னொரு ஆய்வு கூறியது.

நான் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்ல விரும்புவது இதுதான். அவர்கள் கொன்றவை பெரும்பாலும் முழு வளர்ச்சி பெற்ற பிராணிகள். குட்டிகளைக் கண்டபடி கொன்று தள்ளவில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகள் அதே குகையில் இருந்து, அதே காட்டில், அதே இனங்களை வேட்டையாடினார்கள். அந்த இனங்கள் அற்றுப் போகவில்லை. எங்கள் காட்டில் குரங்கும் அணிலும் இன்றும் இருக்கின்றன. வேலி கட்டி மான் வளர்த்த ரோமரின் பராமரிப்பு ஒரு வகை. வேலி கட்டாமல், அளவோடு எடுத்து, மிச்சம் விட்ட பராமரிப்பு இன்னொரு வகை. ரோமர் போனபின் அவர்களுடைய மான் மந்தை இங்கிலாந்தில் அழிந்து போயிற்று. 11ஆம் நூற்றாண்டில் நோர்மானியர் மறுபடியும் கொண்டுவர வேண்டியதாயிற்று. எங்கள் குகைவாசிகள் விட்டுவைத்தவையோ விவசாயமும் தோட்டங்களும் வரும்வரை குறைவின்றி இருந்தன.

எழுத்தறியாதவர்கள், இரும்பறியாதவர்கள் என்று நாம் இளக்காரமாக நினைக்கும் மக்களுக்கு, எவ்வளவு எடுக்கலாம், எதை விட வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. இருநூறு வருடத்துக்குள் மலைக்காட்டில் பெரும் பகுதியை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் இறப்பரும் நட்ட காலத்தவர்கள் நாம். இளக்காரம் யாருக்கு உரியது?

மார்க்கம் போட்ட வேலி

சகோதரிகளே, எடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை நம் மார்க்கம் ஆரம்பத்திலேயே சட்டமாக்கி விட்டது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் இஹ்ராம் கட்டியவர் தரைப் பிராணியை வேட்டையாடக் கூடாது. செய்தால் பரிகாரம் கொடுக்க வேண்டும். மானைக் கொன்றால் ஓர் ஆடு என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தது ஃபிக்ஹு நூல்களில் பேசப்படுகிறது. மக்கா ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியைக் கொல்வது மட்டுமல்ல, விரட்டுவதும் தடை. மதீனாவில் மான்கள் மேயக் கண்டால் தாம் அவற்றைத் திடுக்கிட வைக்கமாட்டோம் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொன்னதாக ஹதீஸில் வருகிறது.

ஹிமா என்றொரு ஏற்பாடும் இருந்தது. ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிப் பாதுகாப்பது அது. நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்ற இடத்தை அவ்வாறு ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ரபதாவும் ஒதுக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாக வைத்தவரிடம், சில ஆடுகளும் சில ஒட்டகங்களுமே உள்ள ஏழைகளை உள்ளே விடும்படியும், பெருஞ் செல்வந்தர்களின் மந்தைகளை விடவேண்டாமென்றும் அவர்கள் கட்டளையிட்டார்கள். புல்லைக் காப்பதிலும் ஏழையின் பங்கைக் கவனித்த ஆட்சி அது!

காடும் மானும் நம்மிடம் தரப்பட்ட அமானத். வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். நமக்குப் பின் வரும் பிள்ளைகளுக்குத்தான் திருப்பிக் கொடுக்கிறோம்.

பின்வாசலில் வரும் இறைச்சி

இப்போது அடுக்களைச் சேதிக்கு வருகிறேன். எங்கள் தோட்டப் புறங்களில் சில வேளை ஒருவர் பின்வாசலில் வந்து, "மரை இறைச்சி இருக்கிறது, பன்றி அல்ல, பயப்படாதீர்கள்" என்று பையை நீட்டுவார். மாட்டிறைச்சியைவிட மலிவு, ருசியும் வேறு என்று சிலர் வாங்கியும் விடுகிறார்கள். வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதற் கேள்வி: அது எப்படிச் செத்தது? தோட்ட ஓரங்களிலும் காட்டு விளிம்புகளிலும் கம்பிச் சுருக்கு வைத்துத்தான் பெரும்பாலும் பிடிக்கிறார்கள். சுருக்கில் கழுத்து நெரிந்து செத்த பிராணி நமக்கு ஹராம். உயிரோடு கிடைத்து முறைப்படி அறுத்தால் ஒழிய அது கூடாது. பைக்குள் துண்டு துண்டாக வந்த இறைச்சிக்கு யார் பிஸ்மி சொன்னார் என்று யாருக்குத் தெரியும்? கடையில் கோழி வாங்கும்போது "யார் அறுத்தது?" என்று துருவிக் கேட்கும் நாம், இங்கே மட்டும் வாயை மூடிக் கொள்ளலாமா?

இரண்டாம் கேள்வி: அது சட்டப்படி வந்ததா? வன சீவராசிகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937 முதல் இந்நாட்டில் இருக்கிறது. மானையும் மரையையும் கொல்வதும் அவற்றின் இறைச்சியை விற்பதும் குற்றம். வாங்குபவர் இருப்பதனால்தான் விற்பவர் இருக்கிறார்.

சுருக்குக் கம்பிக்கு மான் எது, மற்றது எது என்று தெரியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில், எங்கள் நாட்டில் காண்பதற்கு மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படியான சுருக்கில் கழுத்து மாட்டிக் கொண்டது. சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டு போனார்கள். சில நாளில் செத்துப் போயிற்று. 45,000 ஆண்டு மனிதன் அம்பெய்தும் அற்றுப் போகாத காட்டை, ஒரு முழம் கம்பி வெறுமையாக்கி விடும்.

வீட்டிலிருந்தே செய்யக் கூடியவை

பெரிய காரியம் எதுவும் நான் கேட்கவில்லை.

மாணிக்கக் குழியில் வேலை செய்யும் வீட்டுக்காரரிடமும் மகனிடமும் சொல்லி வையுங்கள்: இல்லம் கழுவும்போது பல்லோ எலும்போ வந்தால் வீச வேண்டாம். உடைக்கவும் வேண்டாம், அமிலம், சவர்க்காரம் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். ஒரு காகிதத்தில் சுற்றி, எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி, இரத்தினபுரித் தேசிய நூதனசாலையில் காட்டச் சொல்லுங்கள். எழுதி வைப்பது முக்கியம். எங்கே கிடைத்தது என்று தெரியாத பல், விலாசம் கிழிந்த கடிதம் போன்றது.

குகையிலும் கற்பாறை அடியிலும் புதையல் இருக்கிறதென்று தோண்டுபவர்களோடு யாரையும் சேர விடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி அது குற்றம். அவர்கள் எண்ணுகிற புதையல் கிடைப்பதில்லை. மண்ணின் படைகள் குழம்பிப்போவதால், அங்கிருந்த உண்மையான புதையல் அழிந்து போகிறது. காபன் 14 என்ற முறையால் வயது கணிக்கும்போது, எந்தப் படையில் எது இருந்தது என்பதுதான் ஆதாரம். படை குழம்பினால் கணக்கும் குழம்பும்.

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைக் கொழும்புக் கடைத்தெருவுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாமல், ஒரு நாள் இரத்தினபுரி நூதனசாலைக்கும் கூட்டிப் போங்கள். எஹலபொல வளவு என்ற பழைய மாளிகையில் 1988இல் திறக்கப்பட்டது. மாணிக்கக் குழிகளில் கிடைத்த பழம்பிராணிகளின் எச்சங்களை அங்கே காணலாம். "இந்த நீர்யானை எங்கள் வயல் இருக்கிற இடத்தில் நின்றது" என்று சொல்லிக் காட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்கு நயோமி சைக்ஸின் பெயரையும் சொல்லுங்கள். விஞ்ஞானம் ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல.

பூமியில் சென்று, முன்னிருந்தவர்கள் எப்படியிருந்தார்கள் என்று பார்க்கும்படி வல்ல அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் நம்மை ஏவுகிறான். தூர தேசம் போய்த்தான் பார்க்க வேண்டுமென்பதில்லை. நம் காலடி மண்ணிலேயே அவன் எழுதி வைத்திருக்கிறான். அடுத்த முறை இல்லம் கழுவும் கூடையிலிருந்து ஒரு கறுத்த பல் உருண்டு வந்தால், அதை எடுத்துத் துடைத்து ஒரு நிமிடம் பாருங்கள். அந்த மான் மேய்ந்த இலையும் குடித்த ஆறும் அதற்குள் இருக்கின்றன.

நாம் எதை எடுத்தோம், எதை விட்டு வைத்தோம் என்று நமக்குப் பின் வருபவர்களும் ஒரு நாள் தேடிப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கை அதற்கு முன்பே ஒருவன் கேட்பான் என்பதை நினைவில் வைப்போம். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.